கண்காணிப்பாளரின் தமிழ்

அன்புள்ள அக்கா,

"நீ ஒஸ்லோவிலைதானே இருக்கிறாய், அவையளிட்டை ஒருக்காக் கேளன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். சமாதானம் பேச வந்தவர்களின் ஊர் இது என்பதால், அவர்கள் எனக்குப் பக்கத்து வீடு என்று உங்களுக்கு நினைப்பு. இந்த முறை உண்மையாகவே ஒருவர் கிடைத்தார்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கிறார். போர்நிறுத்தக் காலத்தில் வன்னியில் கண்காணிப்பாளராக இருந்தவர் என்று அவரின் மகள் சொன்னாள். உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, "பயப்படாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்று தமிழிலேயே சொல்லிப் போனவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை நம்பித்தானே உங்கள் பிள்ளை றெஜியை இந்தியாவுக்கு அனுப்பாமல் உங்களோடு வைத்திருந்தீர்கள்.

காணாமல்போன பிள்ளை என்று சொல்லி, றெஜியின் படத்தைக் காட்டிக் கேட்டேன். அவருக்கு மறதி நோய், அக்கா. மகளின் பெயரே தெரியாது. படத்தைத் தடவிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துத் தமிழில், "பயப்படாதேங்கோ" என்றார். அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம்.

கோபப்படவும் முடியவில்லை. பின்னேரமானால், தான் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நடுங்குகிறார். அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்று இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி கேட்டுப் பார்த்த,
உங்கள் தங்கச்சி