கட்டியக்காரன் எயினனுக்குத் துறையில் வேலை வேண்டி விடுத்த ஓலை

அலை ஓயாத கடலுக்கும் அதைவிட ஓயாத வணிகத்துக்கும் உரியவரும், பாய்மர நிழலில் அரியணை இட்டவரும், பவளமுனைத் துறையின் அரசியுமான நல்லினி தேவியாரின் திருமுன், குன்றவாயில் நாட்டின் முன்னாள் பேரமைச்சனும், இந்நாளில் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதையே தொழிலாகக் கொண்டவனுமாகிய அதியூர்ச் சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் மீன் குறையாதிருக்க. தங்கள் பகைவர் கலங்களில் எலி பெருக.

இங்கு நான் நலம். முழங்கால்கள் மட்டும், மடக்கும்போது எழுப்பும் ஓசையால், எல்லைக் காவலரைப் பகை வந்ததென்று முரசறைய வைத்துவிட்டன. ஓய்வு பெற்றவனுக்கு மிகைப்படுத்திப் பேசும் உரிமை உண்டு. அதை நான் வீணாக்குவதில்லை. ஆனால் இனி எழுதும் செய்தியைப் பெரிதாக்க என்னாலும் இயலவில்லை. அது இருக்கிறபடியே பெரிது.

எங்கள் அரசவையில் எயினன் என்றொரு கட்டியக்காரன் இருந்தான். அவைக்கு வருவோரின் பட்டங்களை வாயிலில் நின்று முழங்குவது அவன் பணி. அவன் குரலெடுத்தால் மலைக்கு அப்பால் மேயும் மாடுகளும் எழுந்து நின்று மரியாதை செய்யும் என்பேன். மூத்த அரசர் மறைந்து, இளையவர் அரியணை ஏறினார். அவருக்குத் தலைவலி. கட்டியம் வேண்டாம், வாயிலில் ஒரு வெண்கல மணி போதும் என்று ஆணை பிறந்தது. அன்று முதல் யார் வந்தாலும் ஒரே ஓசை. சென்ற வாரம் மணி ஒலிக்கக் கேட்டு, சேனாபதி வருகிறார் என்று அவையே எழுந்து நின்றது. உள்ளே வந்தவர் தயிர் கொண்டு வந்த மூதாட்டி. அவர் எல்லோரையும் உட்காரச் சொன்னாராம்.

எயினன் தன் பணிக்கு அடையாளமான பொற்கோலைத் திருப்பிக் கொடுத்தான். பங்குனி முழுநிலவுக்குள் வேறு பணி கிடைக்காவிடில் அரண்மனை தந்த வீட்டையும் விட்டு, முதிய தாயோடும் மனைவியோடும் தெருவில் நிற்க வேண்டும். ஆயினும் எவரும் கவலைப்படவில்லை. ஊரில் அவனுக்குத் தெரியாத பெரிய மனிதர் இல்லையே. நாலு வாசல் ஏறி இறங்கினால் ஒரு கதவு திறவாதா என்றே எண்ணினோம்.

ஏறினான், தேவி. கருவூலம் காக்கும் பண்டாரநாயகர் மாளிகைக்கும் சேனாபதி மாளிகைக்கும் யானைப்பந்தித் தலைவர் வீட்டுக்கும் போனான். போன இடமெல்லாம் நிமிர்ந்து நின்று, அவ்வீட்டாரின் பட்டங்களை ஒன்று விடாமல் முழங்கினான், வணங்கினான், கொடுத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டு திரும்பினான். வேலை வேண்டும் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. கட்டியம் கூறும் வாய், பெரியோர் முன் தன் பெயரையும் தன் தேவையையும் சொல்லலாகாது என்று கோல் ஏற்கும் நாளில் எங்கள் நாட்டில் ஆணை வாங்கிக்கொள்வார்கள். கோல் போய்விட்டது, ஆணை நாக்கிலேயே தங்கிவிட்டது. பண்டாரநாயகர் என்னிடம் அவனைப் புகழ்ந்து தள்ளினார். வேலை போன நிலையிலும் எதையும் கேட்டுத் தொல்லை தராமல், தம்மை வாழ்த்துவதற்கென்றே நடந்து வந்த பெருந்தன்மையைக் கண்டு கண் கலங்கியதாம். பாவம், கலங்கிய கண்ணுக்கு எதிரே நின்றவன் தெரியவில்லை.

அவன் மனைவி மருதி வாயுள்ளவள். வீடு நிறைய வெற்றிலை சேர்ந்ததைக் கண்டு அவள் கேட்டதை அண்டை அயலார் எல்லோரும் கேட்டார்கள்: “ஊருக்கெல்லாம் பட்டம் கட்டுற வாய்க்கு, எனக்கொரு வேலை குடுங்கன்னு சொல்ல மட்டும் பூட்டா போட்டிருக்கு? இந்த வெத்தலையை ஆடு கூடத் திங்க மாட்டேங்குது.” மறுநாள் சொல்லியே தீருவதென்று சபதம் செய்து புறப்பட்டான். மீண்டும் வெற்றிலையோடுதான் வந்தான்.

அந்நிலையில் அவன் தாய் இறந்தாள்.

துக்க வீட்டு வாசலில் செருப்போடு பட்டங்களையும் கழற்றி வைப்பது எங்கள் வழக்கம். உள்ளே எல்லோருக்கும் ஒரே பாய். துக்கம் காப்பவன் எவரையும் புகழலாகாது. நான் போய் அமர்ந்தேன். ஒரு பக்கம் பண்டாரநாயகர், மறு பக்கம் உப்பு வண்டி ஓட்டும் வேட்டுவன் என்பவன். எயினன் எங்களைக் கண்டதும் பழக்கத்தால் எழுந்தான். சொல்ல ஒரு பட்டமும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்தான். பிறகு அவ்வளவு பெரிய குரலுக்குச் சொந்தக்காரன், குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லச் சொன்னான்: “அம்மா மட்டுந்தான் எயினான்னு பேர் சொல்லிக் கூப்பிடும், ஐயா. மத்தவங்களுக்கெல்லாம் நான் கட்டியக்காரன். இனி கூப்பிட ஆள் இல்லை. வேலையும் இல்லை.”

பண்டாரநாயகர் தலை கவிழ்ந்தார். இத்தனை காலம் தம் பெயரை நாடறியச் சொன்னவனின் பெயரை அன்றுதான் அறிகிறார். அவர் கையில் கொடுப்பதற்கு வெற்றிலை கூட இல்லை. வேட்டுவன்தான் வாய் திறந்தான். தங்கள் துறையில் மூடுபனி நாள்களில் கரையில் நின்று கலங்களைப் பெயர் சொல்லிக் கூவியழைக்கும் முதியவருக்குத் தொண்டை போய்விட்டதென்றும், குரல் கேளாமல் ஒரு கலம் பாறையில் மோதியதென்றும், தாங்கள் ஆள் தேடுவதாக உப்பளத்தில் பேச்சென்றும் அவன் உரைத்தான். பெரிய வாசல்களில் கிடைக்காத செய்தி அந்தப் பாயில் கிடைத்தது.

எனவே இவ்விண்ணப்பம். இவன் கூவினால் மறுகரைக் கலமும் வழி தவறித் தங்கள் துறைக்கே வந்துவிடும், சுங்கம் பெருகும். முழுநிலவுக்கு நாள் அதிகம் இல்லை. இவ்வோலையை அவனே கொண்டு வருகிறான். திருமுன் நின்றதும் தங்கள் பட்டங்களை முழங்கத் தொடங்குவான். கேட்க இனிமையாயிருக்கும், அதுதான் ஆபத்து. முடித்து, வணங்கி, வந்த வழியே திரும்பி நடப்பான். வாயிலைத் தாண்டுமுன் அவனைப் பெயர் சொல்லி அழைத்தருள்க.

அமைச்சு முத்திரையை அரண்மனையில் ஒப்படைத்துவிட்டமையால், அரக்கில் என் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறேன், சுட்டுவிட்டது. ஆணையிடும் உரிமை எனக்கு இப்போது இல்லை. இருந்தும் இந்த ஒன்றை மட்டும் ஆணை போலவே எழுதுகிறேன்: எயினன் வாய் திறந்து கேட்காவிட்டாலும், கேட்டதாகவே கொள்க.