பிடுங்கிய பிளக்

அன்புப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு தரம் போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். வாயில் வராதது கையிலாவது வரட்டும்.

உன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் உன் சின்ன வயசுப் படங்கள் இருக்கும், சரிபண்ணி எடுத்து அனுப்புங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டாய். ஆள் கிடைக்கவில்லை, பரண் உயரம், முழங்கால் வலி என்று நானும் சாக்குச் சொன்னேன். கடைசியில் அங்கிருந்தபடியே நீயே ஆளைப் பேசி அனுப்பிவிட்டாய். கெட்டிக்காரியாக வளர்த்தவள் நான்தானே, யாரைக் குறை சொல்ல!

வந்தவனுக்குத் தெருவில் டெஸ்டர் என்றே பெயர். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் கரண்ட் பார்க்கிற அந்த டெஸ்டர்தான் இருக்கும். கம்ப்யூட்டரை இறக்கியதும் சிரித்துவிட்டான். மூன்று சுற்று பிளாஸ்டிக் தாள், உள்ளே போர்வை, அதற்குள் இரண்டு கைப்பிடி பாச்சை உருண்டை. நல்ல புடவைக்குச் செய்வதையே அதற்கும் செய்திருந்தேன். என்ன பாட்டி, மூச்சுவிடக்கூட ஓட்டை வைக்கலையே, ஈரமெல்லாம் உள்ளேயே தங்கிடுச்சே என்றான். பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. ஓடுமான்னு இப்பச் சொல்ல முடியாது, ஓடினாத்தான் நிஜம் என்றான். ஓடாமலே போகட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிரஷ்ஷால் சுரண்டி, துடைத்து, இரண்டு நாள் காயவைத்தான். கரண்ட் வாங்குகிற பெட்டியை மாற்றினான். புதன்கிழமை மத்தியானம் கர்கர்ரென்று இருமிவிட்டு அது ஓடியேவிட்டது. முன்பல் இல்லாமல் நீ சிரிக்கிற படம் திரை முழுக்க. அதோடு விட்டிருக்கலாம். எழுதுறதும் வேலை செய்யுதான்னு பார்த்துடுவோம் பாட்டி என்று எதையோ தட்டினான். ஓரத்தில் ஒரு கட்டம் வந்தது. யாரோ எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருக்கு, எழுதினவரைக்கும் இது காப்பாத்தி வச்சிருக்கு என்றான்.

கரண்ட் போகவில்லை கண்ணு. பிளக்கைப் பிடுங்கியது நான்.

உன் அம்மா கண்ணை மூடிய பிறகு உன் அப்பா வேலையையும் விட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டேன். அஞ்சு நிமிஷம்மா, அஞ்சு நிமிஷம்மா என்றான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. கறுத்துப்போன திரையையே கொஞ்ச நேரம் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தெருமுனைக்குத்தான் என்று தட்டை மூடி வைத்தேன். பதினோரு வருஷம் ஆகிறது.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அப்பா என்கிட்ட எதுவும் சொல்லச் சொன்னாரா என்று கேட்டாய். ஒரு வார்த்தையும் இல்லை என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் விளையாடவில்லை, உனக்கு எதையோ எழுதிக்கொண்டிருந்திருப்பானோ என்று. அடுத்த வாரமே அதைச் சுற்றிக் கட்டினேன். பிள்ளையின் பொருளை எப்படிப் பாதுகாக்கிறாள் பார் என்று ஊரே சொன்னது, நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டேன். பாதுகாக்கவில்லை. யாரும் திறந்துவிடக் கூடாது என்று கட்டினேன்.

திரையில் முதல் வரி 'என் வாலுக்குட்டிக்கு' என்று இருந்தது. அப்படி உன்னைக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான். அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை. படிச்சுக் காட்டட்டுமா பாட்டி என்றான் டெஸ்டர். வேண்டாம், காகிதத்தில் எடுத்துக் கொடு, நீயும் படிக்காதே என்றேன். நல்ல பிள்ளை, சுவரைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். இரண்டு தாள். இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். எங்கே போகிறான் என்று எழுதியிருக்கிறானோ, ஏன் என்று எழுதியிருக்கிறானோ, என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறானோ, எனக்குத் தெரியாது. இரண்டாவது தாள் பாதியில் நிற்கிறது. மீதி வெள்ளை நான் செய்தது.

பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி. படித்துவிட்டு என்னைத் திட்டு. போனில் திட்டு, நேரில் வந்து திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அவன் அப்படித்தான் போனான்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன்
பாட்டி