சுற்றுக்கு விடாத சுற்றறிக்கை

அன்புள்ள குருவிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினால் அந்தச் சுகமும் எங்களுக்கே சேரும். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது, பதில் தாமதித்ததற்குக் கோபம் காரணமில்லை. நாலு மாதமாக நீ போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தபோதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன், தீராத வியாதியோ என்றுகூட நினைத்தேன். நான் பெண்ணுமில்லை ஆணுமில்லை, என்னை இனி அவள் என்று சொல்லாமல் அவர் என்று சொல்லுங்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் முதலில் வந்தது பெருமூச்சு. இவ்வளவுதானா என்றேன். அப்புறம்தான், இவ்வளவையும் பிள்ளை தனியாகச் சுமந்திருக்கிறதே என்று அழுதேன். முழுதும் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. நீ என் பள்ளியில் படித்தபோது, காலையில் ஆண்பிள்ளைகள் ஒரு வரிசை, பெண்பிள்ளைகள் ஒரு வரிசை என்று நான் சொன்னதுமே, டீச்சர் நான் மணியடிக்கட்டுமா என்று ஓடி வருவாய். ஐந்து வருடமும் உனக்கு மணி மேல் ஆசை என்றே நினைத்தேன். எந்த வரிசையிலும் சேராமல் நிற்க உனக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது என்று இப்போதுதான் உறைக்கிறது.

அப்பா கெட்டிக்காரர், மறுநாளே "அவங்க எப்ப வர்றாங்களாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்படின்னா என்னை மட்டும் ஏன் கழுதைங்கிறீங்க, எனக்கும் மரியாதை வேணும் என்று தங்கை சண்டைக்கு நிற்கிறாள். அக்கா என்பதற்குப் பதில் என்ன கூப்பிடுவது என்று உன்னைக் கேட்கச் சொன்னாள், அதுவரை குருவிதானாம். எனக்குத்தான் வாய் தவறுகிறது. தவறினால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், வாசிக்கும்போது தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழிதான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பெரியப்பா, அத்தை, மாமா எல்லோருக்கும் தெரியவேண்டுமே என்று பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினேன், படித்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு அனுப்பக் கீழே கோடெல்லாம் போட்டாயிற்று. செருப்பை மாட்டும்போது தங்கை வாசலை மறித்து, "அம்மா, அவங்க நம்மகிட்ட சொன்னாங்க. ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னாங்களா?" என்றாள். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டேன். எங்களை நம்பி நீ எழுதியதை நான் வீடு வீடாகக் கொடுத்திருந்தால் உன்னிடமிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்குமா? நல்லவேளை, வெளியார் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் திருத்து, அம்மா என்று பார்க்காதே. யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்று நீயே குறி. ஒருவருக்கும் வேண்டாமென்றால் கிழித்துப் போடு, எங்கள் மூவரோடு இருக்கட்டும். பள்ளிச் சுற்றறிக்கையில் எப்போதும் முதல் கையெழுத்து தலைமையாசிரியைக்கு. இதில் முதல் கோட்டை உனக்கு விட்டிருக்கிறேன்.

நோய்நொடியில்லாமல், மனத்தில் பாரமில்லாமல் நீடூழி வாழ வேண்டும் கண்ணு. மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மறக்காதே. லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. வாசலில் நின்று மணியடிக்க வேண்டாம், நேரே உள்ளே வா.

ஆசிகளுடன்,
உன் அம்மா