பெருங்குடலில் மாட்டிக்கொண்ட அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், உன் அப்பாவின் வயிறு நீங்கலாக. அதற்கும் நீதான் காரணம், பிறகு சொல்கிறேன். நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், குரல் அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆபீஸில் திரும்பக் கூப்பிடுறாங்க, நான் செஞ்ச சீட்டாட்டம் நல்லாயிருக்கா இல்லையா, உண்மையைச் சொல்லும்மா, இல்லேன்னா அங்கேயே போயிடறேன் என்று கேட்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

முதலில் உன் வெளியீட்டு விழா. நீ வர முடியாமல் போனதே நல்லது. சாப்பிட்ட சாப்பாடு வாயில் நுழைந்து கடைசி வரை போய்ச் சேருவதைச் சீட்டாட்டமாகச் செய்திருக்கிறாள் என் மகள் என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லோரையும் அழைத்தேன். நூலக அறை நிரம்பியது, ஏசி அறை என்றால் நிரம்பாமல் இருக்குமா. உன் பதிப்பாளர் கவிதைப் புத்தகம் போட்டே பழகியவர், இதையும் அப்படியே வெளியிட்டார். முதல் பெட்டியை ஒருவர் கொடுத்தார், ஒருவர் வாங்கினார், இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், பெட்டியை மேஜையில் வைத்தார்கள், அவ்வளவுதான். தலைமை தாங்கிய ரிடையர்டு பேராசிரியர் அறிவியல் என்றதும் விண்வெளிக்குப் போனவர், இறங்கவே இல்லை. கடைசியில் செரிமானம் என்று ஒரு வார்த்தை சொன்னார், அதுவும் பிஸ்கட் தட்டு வருவதைப் பார்த்த பிறகு. அடுத்துப் பேசிய தலைமையாசிரியை, பிள்ளைகள் கையில் சீட்டுக்கட்டைக் கொடுக்கலாமா என்று கவலைப்பட்டுவிட்டு, இது காலத்தின் தேவை என்று முடித்தார். எல்லாவற்றுக்கும் கை தட்டினார்கள். ஒருத்தர்கூட ஒரு சீட்டை எடுத்துப் பார்க்கவில்லை.

விளம்பரம் என் பொறுப்பு என்று உன் சித்தப்பா மார்தட்டினாரே, அவர் செய்த போஸ்டரில் ஆட்டத்தின் படம் தபால்தலை அளவு, மீதி முழுக்க உன் முகம், அழகுக்காகச் சுற்றிலும் கறுப்பு பார்டர். குடும்ப வாட்ஸப்பில் போட்டதும் என் அண்ணி ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிவிட்டாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன், அந்தச் சாக்கில் ஆட்டத்தைப் பற்றியும் சொன்னேன். உனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விளம்பரம் அதுதான்.

பெட்டிகள் விற்றதென்னவோ உண்மை. ஆனால் வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏதோ சாக்கு வைத்துப் போய்ப் பார்த்தேன். பல் டாக்டர் வீட்டில் ஷோகேஸில் நிற்கிறது, மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. மாடிவீட்டில் டிவி ஆடாமலிருக்க அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் சூப்பர் என்றார்கள், என்ன சூப்பர் என்று கேட்டால் பெட்டி சூப்பர் என்றார்கள். எனக்கு வயிறெரிந்தது. உன் அப்பாவோ, நல்ல உத்தியோகத்தை விட்டுட்டுக் குடலை விக்கக் கிளம்பிட்டா என்று தினமும் ஒரு தடவை சொல்லாமல் பேப்பரை மடிப்பதில்லை. போன வாரம் எழுதியிருந்தால், பேசாமல் ஆபீஸுக்குப் போ என்றுதான் எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பிறந்தநாள். உன் அத்தை பளபளவென்று காகிதம் சுற்றிப் பரிசு கொண்டு வந்தாள், பிரித்தால் உன் பெட்டி. நம் குடும்பத்தில் பரிசுப் பொருள் ஓரிடத்தில் நிற்காது என்று தெரியும், நான் கொடுத்த சுவர்க்கடிகாரம் எனக்கே வந்திருக்கிறது. ஆனால் செய்தவள் வீட்டிலேயே கொண்டு வந்து நீட்ட உன் அத்தையால்தான் முடியும். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, நீ பிரிச்சுக்கூடப் பாக்கலியா அக்கா என்றார். நீ பாத்தியாடா என்றாள் அவள். வீம்புக்கு அங்கேயே கண்ணாடித்தாளைக் கிழித்து உட்கார்ந்தார்கள், என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

உண்மை கேட்டாயே, சொல்கிறேன். எழுத்து பொடி, சிறுகுடல் சீட்டைப் படிக்க என் கண்ணாடி போதவில்லை. விதிப் புத்தகம் பரீட்சைக்கு உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. இரைப்பை வரைக்கும் எனக்குக் கொட்டாவிதான். அதற்குப் பிறகு அத்தை அப்பா மேல் மலச்சிக்கல் சீட்டைப் போட்டாள். யாராவது தண்ணீர்ச் சீட்டு கொடுத்தால்தான் அவர் நகரலாம், அத்தனை தண்ணீரும் அவள் கையில். தரமாட்டேன் என்றாள். நிஜத்துலயும் உனக்கு இதே தொந்தரவுதானே, பழகினவன்தானே, பொறு என்றாள். அப்பா சீட்டை மேஜையில் அறைந்து, தண்ணியைப் பதுக்குறது தப்பாட்டம் என்றார். விதிப் புத்தகத்தைப் புரட்டினோம், அதைப் பற்றி நீ எழுதவே இல்லை. மனுஷர் சாயங்காலம் வரை பெருங்குடலிலேயே கிடந்தார். அத்தை ஜெயித்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போனாள். சொத்துப் பிரித்தபோதுகூடச் சிரித்துப் பேசினவர்கள், இப்போது இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மறுநாள் எனக்கு மட்டும் போன் செய்து, அந்தப் பெட்டியைத் திருப்பித் தர முடியுமாம்மா என்று கேட்டாள். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆக, சூப்பர் என்றவர்கள் யாரும் ஆடவில்லை. ஆடினவர்கள் சண்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எதை நம்புவது என்று உனக்கே தெரியும்.

இன்று காலை குழாய் ரிப்பேருக்கு வந்தவர், பொண்ணு என்ன பண்றாங்க என்று அப்பாவிடம் கேட்டார். இத்தனை நாள் நீ விட்டுவிட்ட உத்தியோகத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று, சீட்டாட்டம் செய்யறா, நல்லாத்தான் செஞ்சிருக்கா, தண்ணிக்கு ஒரு விதி எழுத மறந்துட்டா என்றார். சமையலறையில் நின்று கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஆபீஸ் விஷயம் உன் முடிவு. எழுத்தைப் பெரிதாக்கு, சித்தப்பாவிடம் இனி போஸ்டர் கொடுக்காதே. குடலைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் காலையில் வெறும் காபியோடு ஓடாதே. அந்தக் கறுப்பு பார்டரையும் மீறி நூறு வயது நன்றாக இரு. தண்ணீர் விதியை மட்டும் உடனே எழுதி அனுப்பு, அதில் அப்பா பக்கம் நியாயமா அத்தை பக்கம் நியாயமா என்று தெளிவாக இருக்கட்டும். செஞ்சவகிட்டயே எழுதிக் கேளு, ஆனா நான் கேட்டேன்னு எழுதாதே என்று உன் அப்பா பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார். சரி, எழுதவில்லை.

உன்
அம்மா