விருந்துக்கு வந்த நரிகள்

அன்பு மகள் ஓம்ரினாவுக்கு அம்மா எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன், கடையும் நடக்கிறது, உன் மாமா வுக்வுகையும் நெற்றியில் ஐந்து தையலோடு நலம். கிழித்தது நான், தைத்ததும் நான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். அந்தச் சீனக் கடற்கரைச் சேற்றில் நாளெல்லாம் நின்று பறவை எண்ணுகிறாயே, கால் விறைக்காமல் பார்த்துக்கொள், உள்ளே கலைமான் தோல் காலுறை போட்டுக்கொள்.

சரளை மேட்டில் கரண்டிமூக்கு உள்ளான் பறவைகளின் கூடுகளைப் பார்த்துக்கொள், முக்கியமாக நீ காலில் பச்சை வளையம் மாட்டிய பெட்டையை, என்று சொல்லிவிட்டுப் போனாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், பதினோரு கூட்டில் பத்து போயிற்று. இந்த வருஷம் லெம்மிங் எலி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, எலி இல்லாவிட்டால் நரி முட்டைக்கு வரும், அது உனக்கும் தெரியும். ஆனால் இத்தனை நரி எங்கிருந்து வந்தது என்று நான் கடையில் கத்திக்கொண்டிருந்தபோது உன் மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே, "எங்கேருந்து வரும்? நீ வச்ச விருந்துக்கு வந்ததுங்கதான் அக்கா, சாப்பிட்டுட்டுக் கிளம்பல, அவ்வளவுதான்" என்றான். போன இலையுதிர் காலத்தில், பொறி வைக்கப்போகும் இடத்துக்கு நரிகளைப் பழக்க, அந்த மேட்டோரம் வால்ரஸ் இறைச்சி போட்டு வைக்கச் சொன்னது நான். நரித்தோல் வாங்க ஆளில்லை என்று தெரிந்ததும் பொறி வைக்காதே என்று நிறுத்தியதும் நான். இறைச்சியை அள்ளச் சொல்ல மட்டும் மறந்தேன். குளிர்காலம் முழுக்க அதைத் தின்று கொழுத்து அங்கேயே குட்டியும் போட்டிருக்கின்றன. அவன் சொன்னது பொய்யாக இருந்தால் சிரித்திருப்பேன், உண்மை என்பதால் டீ கெட்டிலை அவன் நெற்றியில் எறிந்தேன்.

தையல் போட்ட கையோடு அவனை இழுத்துக்கொண்டு போனேன். "கோடைத் தோலுக்கு எவளாவது நரியைக் கொல்லுவாளா, யாவாரி புத்தி எங்க போச்சு ஒனக்கு?" என்று வழியெல்லாம் ஏசினான், ஆனால் துப்பாக்கியும் மண்வெட்டியும் அவன் தோளில்தான் இருந்தன. தாய்நரி எங்களைக் கண்டும் ஓடவில்லை, வாயில் முட்டைக்கரு வழிய நின்றது. அவன் சுட்டது இடுப்பில் பட்டது, பின்காலை இழுத்துக்கொண்டே வளைக்கு ஓடியதை நான் வாசலில் வைத்துக் கோடரியால் முடித்தேன். வளையைத் தோண்டினால் ஏழு குட்டி. ஏழையும் முடித்தோம். கடைசிக் குட்டி என் கட்டைவிரலைக் கவ்வியபடியே செத்தது, பிய்ந்த என் நகம் இன்னும் முளைக்கவில்லை. பழக்கதோஷத்தில் தாயை உரித்தேன், வயிற்றைக் கிழித்தபோது பச்சை வளையத்தோடு ஒரு கால்.

அழாதே, முழுதும் படி. மிஞ்சிய பதினோராவது கூடு உன் பச்சை வளையக்காரியுடையதுதான். நொண்டி மாதிரி நடித்து நரியைத் தூரமாக இழுத்துப் போயிருக்கிறாள், ஓரடி கூடுதலாக நெருங்க விட்டுவிட்டாள். அவளுடைய ஆண் தன் முறைக்கும் அவள் முறைக்கும் சேர்த்துத் தானே அடைகாத்தது. உன் மாமா நெற்றிக் கட்டோடு அங்கேயே கூடாரம் போட்டுக் கடற்காகங்களைச் சுட்டுத் தள்ளினான். நாலு முட்டையில் மூன்று பொரிந்தன, ஒரு குஞ்சை என் கண்ணெதிரே கடற்காகம் உயிரோடு விழுங்கியது, கல்லெறிந்தும் பலனில்லை. மீதி இரண்டும் இறக்கை முளைத்துப் போன வாரம் தெற்கே பறந்துவிட்டன. மிச்ச இறைச்சியை நானே சுமந்து கடலில் கொட்டினேன். இனி அந்த மேட்டில் என் விருந்து கிடையாது.

அந்த இரண்டுக்கும் வளையம் போட இங்கே ஆளில்லை, அதனால் எது நம்முடையது என்று உனக்குத் தெரியாது. அங்கே சேற்றில் பறவைக்கு வலை கட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, வளையமில்லாத குஞ்சு எது மாட்டியிருந்தாலும் நம்முடையது என்றே வைத்துக்கொண்டு வலையை அறு. என் தோல் உரிக்கும் கத்தியைப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், தீட்டித்தான் அனுப்புகிறேன். அவளுடைய வளையமும் அதற்குள் இருக்கிறது, கழுவிவிட்டேன். காற்று உன் முதுகுப் பக்கமே வீசட்டும், உன் கை சோராமல் இருக்கட்டும். காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
ரூல்தினா