மாடித் தொட்டியில் கிடந்த புறா

கோட்டைக்குப்பத்தில் இருக்கும் என் செவ்வந்திக்கு,

சவுதியில தமாமிலேர்ந்து லோகேஷ் எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உன் உடம்பு எப்படி இருக்கு? நைனாவுக்கு இருமல் நின்னுச்சா? என்கூட வேலை செய்யுற தீனா நாளைக்கு ஊருக்கு வரான். அவன்கிட்ட இதைக் குடுத்தனுப்புறேன்.

போன வாரம் நாலு நாள் போன் பண்ணலனு கோச்சுக்காதே. சார்ஜர் கெட்டுப்போச்சுனு சொன்னது பொய். எங்க ரூம்ல பன்னெண்டு பேருக்கும் வாந்தி, பேதி. எல்லாரும் சமையல்காரர் ரஹீம் பாய் மேல பாஞ்சாங்க. "உன் சோத்துலதான் இன்னாவோ இருக்கு"னு சொல்லி அவரை வேலையை விட்டே அனுப்பப் பாத்தாங்க. "நானும் அதைத்தானேப்பா சாப்புடுறேன்"னு அந்த மனுசன் அழுதுட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. மாடியேறி தண்ணித் தொட்டி மூடியைத் தூக்கிப் பாத்தேன். உள்ளே செத்த புறா ஒண்ணு ஊறி, இறகெல்லாம் கழண்டு மிதந்துச்சு. அந்தத் தண்ணியிலதான் டீ, சோறு எல்லாம். இப்ப தொட்டியைக் கழுவிட்டாங்க, குடிக்க கேன் தண்ணி வருது, பாயும் இங்கயேதான் இருக்காரு. நீ பயப்படாதே.

தொட்டி மேல நின்னப்போ தூரத்துல கோடு மாதிரி கடல் தெரிஞ்சுது, செவ்வந்தி. வந்த எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் பாத்தேன். கீழேர்ந்து "உள்ள இன்னாடா இருக்கு?"னு கத்துறாங்க, நான் கடலையே பாத்துட்டு நிக்கிறேன்.

இனிமே போன் பேசுறப்ப நம்மூர் கடக்கரைக்கு வந்து நின்னு பேசு. காத்து சத்தத்துல நீ பேசுறது கேக்கலனாலும் பரவால்ல.

வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு, டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

உன்
லோகேஷ்