பவானிக்கு வந்தது நியூமோனியா அல்ல

என் அன்பான பவா,

இந்தக் கடிதத்தைப் பயத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீர் இருந்த காலத்தில் எனக்குப் பயம் வந்தால் வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுவேன். நீர் அடுப்படியில் நின்றபடியே, "கத்தாமல் என்ன பயமெண்டு சொல்லுங்கோவன்" என்பீர். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருகிற கிழமையோடு நீர் போய் மூன்று வருடம். ஒவ்வொரு வருடமும் பேப்பரில் உம்முடைய படத்தைப் போட்டு, கீழே எட்டு வரிக் கவிதை ஒன்றும் போடுவோம். கவிதை உம்முடைய தம்பி சிவாவின் பொறுப்பு. போன வருடம் உம்மை விளக்கென்றும் நிலவென்றும் எழுதியிருந்தான். வாசித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். இந்த முறை கவிதை வேண்டாம், அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கடிதம் உமக்குத்தான். ஆனால் எங்களுடைய ஆட்கள் எல்லாரும் இதை வாசிக்க வேண்டும்.

துசியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே ரொறன்ரோவில், எங்கள் மில்லிக்கன் வீட்டுக் கராஜ் கதவில் பந்தடித்துப் பள்ளம் விழுத்திய உம்முடைய செல்லமகனுக்கு இப்போது பதினேழு வயது. என்னைவிட ஒரு முழம் உயரம். ஐஸ் ஹொக்கியில் கோல் காக்கிறான். கனடா அணியில் சேர்க்கிற அளவுக்குத் தான் கெட்டிக்காரன் இல்லை என்று அவனே சொல்லுவான். ஆனால் நாங்கள் நோர்வேயின் வடக்கு மூலையில் மீன் தொழிற்சாலையில் விறைத்துக்கொண்டு நின்ற காலத்தில் பிறந்த பிள்ளையல்லவா? பாஸ்போட் இன்னும் அந்த நாட்டுடையது. அவனுடைய பயிற்சியாளர் அங்கே எழுதிப் போட்டார். அவர்கள் கோடையில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இருபது வயதுக்குக் கீழான நோர்வே அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

உலகப் போட்டிதான், ஆனால் இரண்டாம் வகுப்பு. கனடாவும் ரஷ்யாவும் முதலாம் வகுப்பில் விளையாடும். இரண்டாம் வகுப்பில் எட்டு நாடுகள். அதில் முதலாவதாக வருகிற நாட்டை அடுத்த வருடம் மேலே ஏற்றுவார்கள். கடைசியாக வருகிற நாட்டை மூன்றாம் வகுப்புக்கு இறக்குவார்கள். பள்ளிக்கூடத்தில்கூட வகுப்பேற்றாமல் விடுவார்களே தவிர, கீழே இறக்கமாட்டார்கள். இங்கே இறக்கியே விடுகிறார்கள். நான் பிளாசாவில் தேத்தண்ணி குடிக்கிற கூட்டத்துக்கு "மகன் உலகக் கிண்ணம் விளையாடப் போறான்" என்று மட்டும் சொன்னேன். எத்தனையாம் வகுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போவதற்கு முன்னர் ஒரு மருத்துவப் படிவம் வந்தது. பதினெட்டு ஆகாதபடியால் தகப்பன் நிரப்ப வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மூளையில் இரத்தக் கசிவு உண்டா, இளவயதில் திடீர் மரணம் உண்டா என்று ஒரு கேள்வி. நான் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு "இல்லை" என்ற பெட்டியில் கோடு போட்டேன்.

பவா, உமக்கு என்ன நடந்தது என்று உமக்கே தெரியாது. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு "சாதுவா தலையிடிக்குது" என்றீர். பிள்ளைகள் இரண்டும் வெளியே போயிருந்த நேரம், கதிரையைப் பிடிக்கப் போய் விழுந்தீர். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் சின்ன பலூன் மாதிரி வீங்கியிருந்து வெடித்துவிட்டது என்றார் டொக்டர். சொந்தத்தில் வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்டார். ஊரில் உம்முடைய தங்கச்சி தலையிடி என்று படுத்து எழும்பாமலே போனதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் உங்கள் பிள்ளைகளின் தலையையும் ஒருமுறை படமெடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் சிவா என்னை லிஃப்ட் அருகே இழுத்துக்கொண்டு போனான். பிள்ளைகள் இரண்டும், மூத்தவள் மதியும் துசியும், தூரத்தில் கதிரையில் இருந்தார்கள்.

"அத்தான், உதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தலைக்குள்ள வருத்தம், பரம்பரை எண்டு கதை கிளம்பினால் மதிக்கு ஒரு இடத்திலையும் சம்பந்தம் சரிவராது. காய்ச்சல் நெஞ்சிலை இறங்கினதெண்டு சொல்லுவம்."

"பிள்ளையளுக்கு?"

"பிள்ளையளுக்கும் அதைத்தான் சொல்ல வேணும். அதுகள் வாய் தவறிச் சொல்லிப்போடுங்கள்."

நான் ஓம் என்றேன். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் சொல்லியிராவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எத்தனை வீட்டில் நீரிழிவையும் வலிப்பையும் இப்படி மூடி வைத்திருக்கிறோம்? அன்றிலிருந்து யார் கேட்டாலும் உமக்கு நியூமோனியா. மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, சில நாட்களில் நானே அதை நம்பினேன். பிள்ளைகளைப் படமெடுக்க ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

போட்டி போலந்தில் நடந்தது. கிறிஸ்மஸ் முடிந்த கிழமை. இங்கே நான் வேலை செய்கிற தொழிற்சாலை பூட்டு, வெளியே முழங்கால் அளவு பனி. ரி.வி.யில் நாள் முழுவதும் முதலாம் வகுப்புப் போட்டிதான். கீழ் வகுப்புகளின் முடிவைப் பேப்பரில்கூடப் போடமாட்டார்கள். துசி ஹோட்டலிலிருந்து ரெலிபோன் எடுத்துச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். முதல் இரண்டும் தோல்வி, மூன்றாவது சமன். நாலாவதும் தோல்வி. கடைசியில், அடியில் நிற்கிற இரண்டு நாடுகள் மோத வேண்டும் என்றானது. தோற்றவர்கள் மூன்றாம் வகுப்புக்குப் போவார்கள்.

அந்தப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எடுத்தான்.

"அப்பா, நேற்று ஒரு ஷொட் என்ர மாஸ்க்கிலை பட்டது. ஸ்ரெயிற்றா நெற்றியிலை. காதுக்குள்ள மணியடிச்ச மாதிரி."

"இப்ப என்ன செய்யுது?"

"ஐ'ம் ஃபைன். சாதுவா தலையிடிக்குது, அவ்வளவுதான்."

உம்முடைய அதே சொல், பவா. அடுப்படி நிலத்தில் அப்படியே குந்தினேன். டொக்டர் பார்த்தாரா என்று கேட்டேன்.

"ரீம் டொக்டர் பாத்தவர். நீங்கள் நிரப்பின ஃபோமையும் எடுத்துப் பாத்தவர். ஃபாமிலியிலை ஒண்டுமில்லைத்தானே, ரெண்டு நாள் ரெஸ்ற் எடுத்திட்டு விளையாடு எண்டவர்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவன், தான் இல்லாவிட்டால் கோல் காக்கிற மற்றக் கோலிக்குப் பதினாறு வயதுதான், இறக்கிவிட்டால் திரும்ப ஏற எத்தனை வருடமாகுமோ என்று கதைத்துக்கொண்டே போனான். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று காலை, சொல்லியே தீருவது என்று ஹோட்டலுக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். யாரோ போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பா, பஸ் நிக்குது, எல்லாரும் ஏறீற்றினம். என்ன?"

"சாப்பிட்டியோ?" என்றேன்.

"ஓம் ஓம், சாப்பிட்டன். வெச்சிடுறன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் மதி வாசலில் நிற்கிறாள். இரண்டு நாளாக நான் சாப்பிடாததையும், ஒவ்வொரு மணி அடிப்புக்கும் துள்ளுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "என்னப்பா ஒளிக்கிறியள்?" என்றாள். சொல்லிவிட்டேன். லிஃப்ட் அருகே சிவா சொன்னதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குக் கலியாணம் சரிவர வேணுமெண்டு தம்பியைச் சாக விடப் போறியளோ?" என்று கேட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

பெற்றோருக்கு அனுப்பிய தாளில் ஹோட்டல் இலக்கமும் விளையாட்டு அரங்கத்தின் இலக்கமும் இருந்தன. ஹோட்டலுக்கு எடுத்தால் பஸ் போய்விட்டது. அரங்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதி திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒரு மணித்தியாலத்துக்குமேல் போன பிறகு ஒரு பெண் எடுத்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஓடவில்லை. மதி "நோர்வே! கோலி! டொக்டர்! ப்ளீஸ்!" என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு "நோர்வே" மட்டும் விளங்கியது. வீட்டுக்காரர் முடிவு கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பாள் போல. "ஓகே, ஓகே" என்று சிரித்துவிட்டு, நாங்கள் கேட்கட்டும் என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியும் நானும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். ஆட்கள் கூவுகிற சத்தம், ஐஸில் தடி அடிபடுகிற சத்தம். இடைக்கிடை டொம் என்று ஒரு இடி. அது பலகையில் பட்டதா, பிள்ளையில் பட்டதா? விசில் ஊதினால் எல்லாம் அடங்கிவிடும். அப்போது எனக்கு மூச்சு நின்றுவிடும். அவன் விழுந்து கிடப்பதால்தான் நிறுத்தினார்களோ? திரும்பக் கூவத் தொடங்கினால், சரி, இன்னும் நிற்கிறான் என்று மூச்சு விடுவேன். மதி என் சேட்டுக் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் ஒருமுறை வந்து "ரூ வன், நோர்வே!" என்று, இரண்டுக்கு ஒன்றில் நோர்வே முன்னால் நிற்பதைச் சந்தோசமாகச் சொன்னாள். டொக்டர், டொக்டர் என்று மதி கெஞ்சினாள். அவள் திரும்பவும் சிரித்துவிட்டுப் போனாள். கடைசியில் ரெலிபோன் அட்டை முடிந்து லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு அவன் எடுக்கும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன்.

"அப்பா! வீ ஸ்ரேய்ட் அப்! நாங்கள் இறங்கேல்லை!"

பின்னால் எல்லாரும் பாடுகிறார்கள், கதவில் அடிக்கிறார்கள். பிள்ளை என் வாழ்நாளில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்குள்தான் சொன்னேன். "துசி, உன்ர அம்மா நியூமோனியாவிலை சாகேல்லை." முழுவதையும் சொன்னேன். படிவத்தில் பொய் எழுதியதையும் சொன்னேன்.

அவன் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் விளையாடப் போகேக்க உங்களுக்குத் தெரியும்."

"ஓம் ராசா."

"தெரிஞ்சுகொண்டுதான் சாப்பிட்டியோ எண்டு கேட்டனீங்கள்."

நான் ஓம் என்றேன். அவன் வைத்துவிட்டான். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் போட்ட சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டான்.

மாசி மாதம் இரண்டு பேரையும் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். முடிவு சொல்ல மூன்று பேரையும் ஒன்றாக இருத்தினார் டொக்டர். துசியின் தலையில் ஒன்றுமே இல்லை, அடிபட்ட தடயம்கூட இல்லை என்றார். நான் எழும்பி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாள் பயமும் ஒரேயடியாக இறங்கியது. அவர் கையை விடுவித்துக்கொள்ளாமலே, "கொஞ்சம் இருங்கள்" என்றார்.

மதிக்கு இருக்கிறது, பவா. வலது கண்ணுக்குப் பின்னால், ஒரு உளுந்தளவு.

யாருக்காக மூடினேனோ அவளுக்குத்தான். மூன்று வருடம் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து வேலைக்குப் போனாள், பனி வழித்தாள், எனக்குச் சமைத்துப் போட்டாள். நான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை தலையைத் திறந்து, வீங்கின இடத்தில் கிளிப் போடப் போகிறார்கள். வெடிக்க முன்னர் கண்டுபிடித்தது நல்லது என்கிறார்கள். நல்லபடி முடிவதுதான் கூட என்கிறார்கள். முடியாமலும் போகலாம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

இதைப் பேப்பரில் போடப் போகிறேன் என்றதும் சிவா ரெலிபோனில் துள்ளிக் குதித்தான். யூனியன்வில்லிலிருந்து வந்து மதியைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. "அத்தான், ஊருக்கெல்லாம் பறையடிக்க வேணுமோ?" என்றான். மதிதான் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினாள். "மாமா, என்ர மண்டை. நான் சொல்லுறன், போடட்டும். நீங்களும் பிள்ளையளும் போய்ப் படமெடுங்கோ." சிவா, வாசிக்கிறாய்தானே? நீ இன்னும் படமெடுக்க டொக்டரிடம் நாள் கேட்கவில்லையாம். லண்டனிலும் பரிசிலும் இருக்கிற பவானியின் சொந்தக்காரரே, தங்கச்சியின் பிள்ளைகளே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். பவானி தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துத்தான் இறந்தாள். தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

நேற்று மதி என் பக்கத்தில் வந்து இருந்தாள். துசியும் எதிரே இருந்தான். அவன் இப்போது கதைக்கிறான், அவளுக்காக.

"அப்பா, அம்மாக்கு நொந்ததோ?" என்று கேட்டாள்.

மூன்று வருடமாக அந்தப் பிள்ளைகள் வேறு யாரோ ஒருத்தியின் சாவுக்கு அழுதிருக்கிறார்கள். உம்முடைய சாவை நான் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. "நொந்தது பிள்ளை. கொஞ்ச நேரம்தான், ஆனால் நல்லா நொந்தது" என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு உம்முடைய கடைசி இரண்டு நாளையும் ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பவா, உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் மகளுக்கு எது நடந்தாலும், யார் வந்து கேட்டாலும், நடந்ததை நடந்தபடியே சொல்லுவேன். அந்த வாயால் நல்ல செய்தி சொல்லத்தான் எனக்கு ஆசை.

மதியினதும் துசியினதும் அப்பா,
உம்முடைய மனுசன்